கேட்கிற காது, எழுதுகிற கை

சில மாதங்களாக இங்கிலாந்தின் பெண்கள் சிறைகளைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு வேலை மட்டும் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. சிறைத்துறை சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற மூத்த உளவியலாளர், அதாவது சீனியர் சைக்காலஜிஸ்ட். எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண் அழுதால் கேட்பவர் அவர்தான். அந்தப் பெண் சொன்னதை ரிப்போர்ட்டாக எழுதி, அவரை வெளியே விடலாமா கூடாதா என்று முடிவு செய்கிறவர்களிடம் கொடுப்பவரும் அவர்தான். ஒரே ஆளுக்கு கேட்கிற காதும் எழுதுகிற கையும். இந்த இரண்டும் ஒரு உடம்பில் ஒத்துப்போகுமா என்பதுதான் என் கேள்வி.

அதை அந்த வேலையில் இருப்பவர்களைத் திட்டி எழுதுவது சுலபம். அது வேண்டாம். அதற்குப் பதிலா, பெண்கள் சிறை பற்றிய இன்றைய பேச்சுக்கெல்லாம் மூலமாக இருக்கிற ஒரு அறிக்கையை எடுத்துக்கொள்கிறேன். 2007 மார்ச்சில் வந்த கார்ஸ்டன் அறிக்கை. நல்ல அறிக்கை. அதனாலேயே விமர்சிக்கத் தோணுது. மோசமான அறிக்கையை யாரும் இத்தனை வருஷம் மேற்கோள் காட்டிக்கொண்டிருப்பதில்லை.

முதலில் களம்.

இங்கிலாந்தில் பெண்களுக்கென்று 12 சிறைகள். வேல்ஸில் ஒன்றுகூட இல்லை. அங்கே தண்டனை பெறும் பெண் எல்லை தாண்டி இங்கிலாந்துக்குத்தான் வரணும். இரண்டு நாட்டையும் சேர்த்துப் பார்த்தால் எந்த நாளிலும் சிறையில் இருக்கும் பெண்கள் சுமார் 3,500 பேர். மொத்தக் கைதிகளில் நூற்றுக்கு நாலு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டடம், விதிமுறை, படிவம், பயிற்சி என்று பெரும்பாலானவை மீதி 96 ஆண்களை மனசில் வைத்து உருவானவை. பெண்கள் பிறகு அதற்குள் பொருத்தப்பட்டார்கள்.

இந்தச் சிறைகளில் உளவியலாளர்கள் இரண்டு வகை. இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். மனநலச் சிகிச்சை தேசிய சுகாதார சேவையின் பொறுப்பு. அவர்கள் ஆட்கள் வேறு. சிறைத்துறையின் சொந்த உளவியலாளர் குற்றவியல் உளவியலாளர், ஃபாரன்சிக் சைக்காலஜிஸ்ட். 2009-லிருந்து அந்தப் பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, பதிவு இல்லாமல் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள முடியாது. முதல் வகை ஆளின் கேள்வி, "இந்தப் பெண்ணுக்கு என்ன வலி?" இரண்டாம் வகை ஆளின் கேள்வி, "இந்தப் பெண்ணால் யாருக்கு என்ன ஆபத்து?" நான் பேசுவது இரண்டாம் வகையைப் பற்றி.

அதில் 'மூத்த' என்றால் என்ன? சிக்கலான ஆபத்து மதிப்பீடுகள் அவர் மேஜைக்கு வரும். பயிற்சியில் இருக்கும் இளையவர்கள் எழுதும் ரிப்போர்ட்டுகளை அவர் பார்த்துத் திருத்தி ஒப்புதல் தருவார். பரோல் போர்டு முன்னால் வாய்மொழிச் சாட்சி சொல்வார். ஒரு பெண்ணோடு எப்படிப் பேசுவதென்று தெரியாமல் சிறைக் காவலர்கள் திணறும்போது அவரிடம் வருவார்கள். ஒருத்தி தன்னைக் காயப்படுத்திக்கொள்வாள் என்ற பயம் வந்தால் ஆரஞ்சு நிற ஃபைல் ஒன்று திறக்கப்படும். எத்தனை நேரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கணும், என்ன பேசினாள், எப்படி இருந்தாள் என்பதெல்லாம் அதில் ஏறும். அந்த ஃபைலை வைத்து நடக்கும் கூட்டங்களிலும் சில சமயம் அவர் உட்காருவார். பெண்கள் சிறைகளில் இந்த ஆரஞ்சு ஃபைலுக்கு ஓய்வே கிடையாது. கைதிகள் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் சம்பவங்கள் ஆண்கள் சிறைகளைவிடப் பெண்கள் சிறைகளில் பல மடங்கு அதிகம்.

நேர்மையான உளவியலாளர் முதல் சந்திப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவார்: நீங்கள் பேசுவது இந்த அறையோடு நிற்காது, ஃபைலுக்குப் போகும், ரிப்போர்ட்டில் வரும். பேச மாட்டேன் என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு உரிமை உண்டு. ஆனால் பேசாவிட்டாலும் ரிப்போர்ட் எழுதலாம், பழைய காகிதங்களை வைத்தே. இது என்ன மாதிரி உரிமை? பேசினாலும் எழுதப்படும், பேசாவிட்டாலும் எழுதப்படும்.

சரி, அறிக்கைக்கு வருவோம்.

செஷயர் பகுதியில் இருக்கும் ஸ்டைல் சிறையில் 2002 ஆகஸ்டுக்கும் 2003 ஆகஸ்டுக்கும் இடையில் ஆறு பெண்கள் இறந்துபோனார்கள். பன்னிரண்டு மாதம், ஆறு மரணம். மரண விசாரணை நடத்திய அதிகாரியே கவலைப்பட்டுப் பேசும் அளவுக்கு நிலைமை இருந்தது. இறந்தவர்களில் ஒருவருக்கு வயது 18. அவருடைய அம்மா, சிறைகளில் பெண்கள் சாகும்போதெல்லாம் அந்தச் சிறை வாசலில் போய் நின்று போராடினார், கைதானார். அந்தப் போராட்டமும் இல்லாமல் இருந்திருந்தால் அரசு அசைந்திருக்குமா தெரியாது. கடைசியில் உள்துறை, ஜீன் கார்ஸ்டன் என்ற தொழிற்கட்சி மேலவை உறுப்பினரிடம் பொறுப்பைக் கொடுத்தது. அவர் 43 பரிந்துரைகள் கொடுத்தார். அதில் முதுகெலும்பு இது: பத்து வருடத்துக்குள் இப்போதுள்ள பெண்கள் சிறைகளை விட்டுவிட்டு, நாடெங்கும் சிறிய காவல் மையங்கள் அமையுங்கள், மற்றவர்களுக்குச் சமூகத்துக்குள்ளேயே பெண்கள் மையங்கள் போதும்.

அரசு பெரும்பாலான பரிந்துரைகளை ஏற்றுக்கொண்டது. சிறிய காவல் மையங்கள் யோசனையை மட்டும் தள்ளிவிட்டது. முதுகெலும்பை எடுத்துவிட்டு மீதி உடம்பை ஏற்றுக்கொண்ட கதை. ஆனால் இதற்கு அரசை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. அப்படி வெட்டி எடுக்க வசதியான ஒரு மடிப்பு அறிக்கைக்குள்ளேயே இருந்தது என்று நினைக்கிறேன். அந்த மடிப்பின் பெயர் 'வல்னரபிள்'.

இந்தச் சொல்லைத் தமிழில் எழுதப் பார்த்து ரொம்ப நேரம் முட்டிக்கொண்டு நின்றேன். 'பலவீனமான' என்றால் தப்பு. 'நலிந்த' என்றால் அரசாணை வாசனை அடிக்கிறது. 'எளிதில் ஊறுபடக்கூடிய' என்று எழுதினேன். எழுதின உடனே ஒரு கேள்வி வந்தது: ஊறுபடக்கூடியவர், சரி. யாரால்? ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஒரு ஆளின் குணம் மாதிரி ஒலிக்கிறது. உயரம், எடை மாதிரி. தமிழில் 'ஊறு' என்று வந்துவிட்டால் ஊறு செய்கிறவன் யார் என்று காது தானாகவே தேடுது.

இந்தக் கேள்வியோடு திரும்பப் போய் அறிக்கையைப் பார்த்தேன். கார்ஸ்டன் இந்த நிலையை மூன்று தலைப்பில் பிரிக்கிறார். ஒன்று, குடும்பச் சூழல்: வீட்டு வன்முறை, குழந்தை வளர்ப்பு, தனியாக நிற்கும் தாய். இரண்டு, சொந்தச் சூழல்: மனநோய், தன்மதிப்புக் குறைவு, சாப்பாட்டுக் கோளாறு, போதைப் பழக்கம். மூன்று, சமூக-பொருளாதாரச் சூழல்: வறுமை, தனிமை, வேலையின்மை. நல்ல பட்டியல், எல்லாம் உண்மை. ஆனால் இந்த மூன்றில் சிறை எங்கே? அறிக்கையின் உள்ளே சிறை செய்யும் தீங்கை அவர் பேசாமல் இல்லை. ஆடை களைந்து சோதனை போடுவதைக் கடுமையாக எதிர்க்கிறார். ஆனால் எல்லோரும் எடுத்துக்கொண்டு போகிற அந்த வரையறையில் சிறைக்கு இடமில்லை. காயம் எல்லாம் வாசலுக்கு வெளியே ஏற்பட்டது. பெண் அதைச் சுமந்துகொண்டு உள்ளே வருகிறார். அப்படியானால் உள்ளே என்ன தேவை? அந்தக் காயத்தைப் பார்க்க ஒரு ஆள். அப்புறம் ஒரு அறை, ஒரு வகுப்பு, ஒரு ஃபைல்.

சிறையை மூடச் சொன்ன அறிக்கை, சிறைக்குள் ஒரு மேஜையைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டது. அது உளவியலாளரின் மேஜை.

இது புதுசும் இல்லை. வடக்கு லண்டனில் ஹாலோவே சிறை 1852-ல் திறந்தது; 1903-லிருந்து பெண்களுக்கு மட்டும். கோட்டை மாதிரி முகப்பு கொண்ட அந்தப் பழைய கட்டடத்தை இடித்து, பாதுகாப்பான மருத்துவமனை போன்ற ஒன்றாகக் கட்டப்போவதாக 1968-ல் அறிவித்தார்கள். குற்றம் செய்யும் பெண்களில் பெரும்பாலோருக்குத் தண்டனையைவிடச் சிகிச்சைதான் தேவை என்பது அன்றைய நம்பிக்கை. நல்லெண்ணத்தில் குறை சொல்ல முடியாது. கட்டி முடிக்க 1980-களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. அதற்குள் கைதிகள் கூடிவிட்டார்கள், காலத்தின் மனநிலையும் மாறிவிட்டது. மருத்துவமனை என்று வரையப்பட்ட கட்டடம் சிறையாகத்தான் நடந்தது; வளைந்து வளைந்து போகும் நடைகளில் காவலர்களுக்குக் கண்காணிப்பதே கஷ்டமாகிவிட்டது. மனநோய் உள்ள பெண்களை வைத்திருந்த சி-1 என்ற பிரிவு, அந்தக் கட்டடத்திலேயே மோசமான இடமாகப் பேர் வாங்கியது. பால் ராக் என்ற சமூகவியலாளர் இந்த மறுகட்டுமானத்தைப் பற்றித் தனியாக ஒரு ஆய்வுநூலே எழுதியிருக்கிறார்.

சிகிச்சையின் சொல் வந்தது, பூட்டு போகவில்லை. 1968-ல் நடந்ததுதான் 2007-க்குப் பிறகும் நடந்தது.

இப்போது எழுதுகிற கைக்கு வருகிறேன்.

சிறை உளவியலாளர்கள் ஆபத்தை அளக்கக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். வன்முறை ஆபத்துக்கு உலகெங்கும் புழங்குவது கனடாவில் உருவான எச்.சி.ஆர்.-20. இருபது அம்சங்கள். இது ஆண்களை வைத்து வளர்ந்த கருவி, பெண்களுக்குப் போதாது என்று நெதர்லாந்தில் விவியென் டி வோகெலும் கூட்டாளிகளும் 2010-களின் தொடக்கத்தில் பெண்களுக்கென்று ஒரு துணைக் கையேடு கொண்டுவந்தார்கள். அதில் கூடுதலாகச் சேர்த்த அம்சங்களைக் கவனியுங்கள்: பாலியல் தொழிலில் இருந்தது, இளவயதில் கருத்தரித்தது, குழந்தைப் பருவத்துக்குப் பிறகும் வன்கொடுமைக்கு ஆளானது, தற்கொலை முயற்சி அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொண்டது, தன்மதிப்புக் குறைவு, குழந்தை வளர்ப்பில் சிக்கல், துணையோடு உறவில் சிக்கல்.

கார்ஸ்டனின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டு வன்முறை இங்கேயும் இருக்கு, குழந்தை வளர்ப்பும் இருக்கு. தன்மதிப்புக் குறைவு அப்படியே இருக்கு. ஒரு இடத்தில் 'இந்தப் பெண்ணுக்கு உதவி தேவை' என்பதற்கான காரணம், இன்னொரு இடத்தில் 'இந்தப் பெண்ணிடம் ஜாக்கிரதை' என்பதற்கான காரணம். ஒரே வாழ்க்கை, ஒரே விவரங்கள். மேலே இருக்கும் தலைப்பு மட்டும் மாறிவிட்டது.

கையேட்டை உருவாக்கியவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்தப் பெண் தனக்குத்தானே செய்துகொள்ளும் தீங்கையும், மறுபடி பாதிக்கப்படும் வாய்ப்பையும் சேர்த்து மதிப்பிடச் சொல்கிறார்கள். ஆண்களின் அளவுகோலை அப்படியே பெண் மேல் வைப்பதைவிட இது மேல். ஆனால் இந்தத் தலைப்பு மாற்றத்தை கனடாவில் கெல்லி ஹன்னா-மோஃபட் முன்பே அடையாளம் காட்டிவிட்டார். பெண்கள் சிறைகளில் 'தேவை' என்பதும் 'ஆபத்து' என்பதும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது, தேவை அதிகமுள்ள பெண் ஆபத்து அதிகமுள்ள பெண்ணாகிவிடுகிறார் என்பது அவருடைய வாதம். அவருடைய 2001-ம் வருட நூலின் பெயரே, மாறுவேடத்தில் வரும் தண்டனை என்கிற பொருளில்தான் இருக்கும்.

இது வெறும் வாதம் இல்லை, இதில் ஆட்களின் வருடங்கள் தொங்குகின்றன. எப்படி என்று சொல்கிறேன். 2005-லிருந்து 2012 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஐ.பி.பி. என்றொரு தண்டனை இருந்தது. குறைந்தபட்சக் காலம் ஒன்று சொல்வார்கள்; அது இரண்டு வருடமாகக்கூட இருக்கலாம். அது முடிந்தாலும் கைதியின் ஆபத்து குறைந்துவிட்டது என்று பரோல் போர்டு நம்பினால்தான் கதவு திறக்கும். முடிவுத் தேதியே கிடையாது. 2012-ல் அந்தத் தண்டனையை ஒழித்தார்கள். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு அது பொருந்தாது என்றுவிட்டார்கள். பெண்களும் அதில் மாட்டினார்கள். தீவைப்பு அப்படி மாட்டவைத்த குற்றங்களில் ஒன்று.

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். உண்மை ஆள் இல்லை, கணக்குக்காக. தன் அறைக்குத் தானே தீ வைத்தார். சாகத்தான் வைத்தார், ஆனால் கட்டடத்தில் மற்றவர்களும் இருந்தார்கள். குறைந்தபட்சக் காலம் இரண்டு வருடம். உள்ளே வந்த பிறகு கையை அறுத்துக்கொள்கிறார். ஆரஞ்சு ஃபைல் திறக்கிறது. அறுத்துக்கொள்ளும் காலத்தில் வகுப்பில் சேர்க்க முடியாது, நிலையாக இல்லை என்கிறார்கள். வகுப்பு முடிக்காததால் ஆபத்து குறைந்ததற்கு ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாததால் விடுதலை இல்லை. தேதி தெரியாததால் மனசு இன்னும் கலங்குகிறது, இன்னும் அறுத்துக்கொள்கிறார். இந்தச் சக்கரத்தில் எந்த ஒரு ரிப்போர்ட்டும் பொய் இல்லை. ஒவ்வொன்றும் அன்றைய நிலையை உண்மையாக எழுதியிருக்கும். சக்கரத்தை எழுதுகிற ரிப்போர்ட் மட்டும் இருக்காது.

பென் க்ரூவும் சூஸி ஹல்லியும் செரீனா ரைட்டும் சேர்ந்து, இளவயதிலேயே நீண்ட ஆயுள் தண்டனை பெற்றவர்களை ஆய்வு செய்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்த வேதனை எப்படி வேறுபடுகிறது என்று 2017-ல் எழுதினார்கள். பெண்கள் சொன்ன வேதனை அதிகம் மட்டுமில்லை, அதன் வகையும் வேறு. குழந்தைகளைப் பிரிந்தது, யாரையும் நம்ப முடியாதது, தன் உடம்பின் மேலும் தன் நாளின் மேலும் தனக்கே பிடி இல்லாதது. முன்பு வீட்டில் வன்முறையாளனிடம் பட்டதைச் சிறையின் அதிகாரம் மறுபடி நினைவுபடுத்துகிறது. 'யாரால் ஊறு?' என்ற கேள்விக்கு ஒரு பதில் இங்கே கிடைக்கிறது. அது வாசலுக்கு வெளியே மட்டும் இல்லை.

இரண்டு சாவுகளைச் சொல்லணும். பெயர் வேண்டாம்.

2016 ஜனவரியில் ஹாலோவே சிறையில் 32 வயதுப் பெண் ஒருவர் இறந்துகிடந்தார். அவர் தண்டனைக் கைதி அல்ல. வழக்கைச் சந்திக்கும் மனநிலையில் இருக்கிறாரா என்று சொல்லும் மருத்துவ ரிப்போர்ட்டுகளுக்காகக் காத்திருந்தார். ரிப்போர்ட் வரும்வரை இருக்க ஒரு இடம், அது சிறை. மதிப்பீடு தாமதமானது அவர் சாவுக்கு ஒரு காரணம் என்று பிறகு ஜூரி சொன்னது. அந்த வருடமே ஹாலோவே மூடப்பட்டது.

2019 செப்டம்பரில், சர்ரே பகுதியின் பிரான்ஸ்ஃபீல்ட் சிறையில், 18 வயதுப் பெண் ஒருவர் இரவில் தன் செல்லில் தனியாகப் பிரசவித்தார். அழைப்பு மணியை அழுத்தினார், யாரும் வரவில்லை. குழந்தை இறந்துவிட்டது. விசாரித்த ஆம்புட்ஸ்மன் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு விஷயம் என்னை நிறுத்திவிட்டது. அந்தப் பெண்ணை, குழந்தையைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்துபோன 18 வயதுச் சிறுமியாகப் பார்க்காமல், ஒத்துழைக்காத, மனப்பான்மை சரியில்லாத ஆளாகத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று அது சொல்கிறது.

ஃபைலில் ஒரு சொல் விழுந்தால் அது செல் கதவு வரைக்கும் போகும். 'பயந்திருக்கிறாள்' என்று எழுதியிருந்தால் வேறு மாதிரி மணி ஒலித்திருக்குமோ என்னவோ. 'ஒத்துழைக்க மறுக்கிறாள்' என்பது காவலரின் காதை மூடுகிற சொல்.

இது வரைக்கும் எழுதிவிட்டு, கைதியைப் பற்றி எழுதுகிற கையே கூடாது என்று முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு விஷயம் தடுத்தது.

2022 ஜூலையில் பரோல் விதிகளை அரசு மாற்றியது. சிறைத்துறையின் உளவியலாளர்களும் நன்னடத்தை அதிகாரிகளும் பரோல் போர்டுக்குக் கொடுக்கும் ரிப்போர்ட்டில் 'விடுதலை செய்யலாம்' என்றோ 'திறந்தவெளிச் சிறைக்கு மாற்றலாம்' என்றோ பரிந்துரைக்கக் கூடாது. விவரம் மட்டும் கொடுங்கள், கருத்து வேண்டாம். வருடக்கணக்காக அந்த ஆளோடு உட்கார்ந்து பேசியவருக்கு வாய்ப்பூட்டு. 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் இது சட்டத்துக்கு உட்பட்டதல்ல என்று தீர்ப்புச் சொன்னது.

அரசு எதற்காக அந்தக் கையைக் கட்டப் பார்த்தது என்று யோசித்தால் என் வாதத்தில் ஒரு ஓட்டை தெரிந்தது. அந்தக் கை பூட்டவும் செய்கிறது, சில சமயம் திறக்கவும் செய்கிறது. 'இவர் போகலாம், நான் பொறுப்போடு சொல்கிறேன்' என்று பரோல் போர்டு முன்னால் ஒரு மூத்த உளவியலாளர் சொல்வது, சிறைக்குள் இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய ஆதரவுகளில் ஒன்று. கருத்தை எடுத்துவிட்டு விவரத்தை மட்டும் விட்டால், மிஞ்சுவது பட்டியல். பாலியல் தொழில், தற்கொலை முயற்சி, தன்மதிப்புக் குறைவு. பட்டியல் தானாகப் பேசாது, படிக்கிறவரின் பயம்தான் அதற்காகப் பேசும்.

அதனால் என் விமர்சனத்தைத் திருத்திக்கொள்கிறேன். எழுதுகிற கை இருக்கட்டும். அது எதை எழுதுகிறது, எதை எழுதாமல் விடுகிறது என்பதுதான் பிரச்சினை.

ஒரு ரிப்போர்ட்டில் அந்தப் பெண்ணின் பிறப்பிலிருந்து எல்லாம் இருக்கும். அப்பா என்ன செய்தார், பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது, எத்தனை ஆண்கள், எத்தனை தடவை அடி. சிறைக்கு வந்த பிறகு அவர் செய்ததும் இருக்கும்: கத்தினார், உடைத்தார், அறுத்துக்கொண்டார். சிறை அவருக்கு என்ன செய்தது என்பதற்கு ஒரு தலைப்பு இருக்காது. எத்தனை தடவை சிறை மாற்றினார்கள்? கடைசியாகப் பிள்ளையை எப்போது பார்த்தார்? வகுப்புக்கு எத்தனை மாதம் காத்திருந்தார்? மணி அடித்தால் யாராவது வந்தார்களா? தனிச்செல்லில் எத்தனை நாள்? ஆபத்தை அளக்கிறோம் என்றால் இதெல்லாமும் அளவில் வரணும். ஏனென்றால் அந்தப் பெண்ணின் இன்றைய நிலையில் பாதி இங்கே உருவானது. கார்ஸ்டனின் மூன்று தலைப்புகளோடு நாலாவதாகச் சேர வேண்டியது இதுதான்.

இதை யார் செய்ய முடியும்? பயிற்சியில் இருக்கிற 25 வயது ஆளால் முடியாது. அவருடைய தேர்ச்சி மேலதிகாரி கையில் இருக்கிறது. மூத்தவரால் முடியும். ஒப்புதல் தருகிற பேனா அவரிடம்தான். 'ஒத்துழைக்கவில்லை' என்று இளையவர் எழுதி வந்தால், 'எதற்கு ஒத்துழைக்கவில்லை? நாம் என்ன கேட்டோம்?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பலாம். சின்ன விஷயம்தான். ஆனால் அந்த வேலையில் 'மூத்த' என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் எனக்குத் தெரியவில்லை.

2015 வாக்கில் இங்கிலாந்தின் பெண்கள் சிறைகளில் அமெரிக்க நிபுணர் ஸ்டெஃபனி கோவிங்டனின் வழிமுறையில், மனக்காயத்தைப் புரிந்துகொண்டு நடத்துவது என்ற பயிற்சி தொடங்கியது. காவலர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். எந்தப் பெண்ணிடம் எப்படிப் பேசுவது, பின்னாலிருந்து திடீரென்று தொடாதே, குரலை உயர்த்தாதே. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2018-ல் சிறைக்குப் போகும் பெண்களைக் குறைப்போம் என்று கொள்கை வெளியிட்ட அரசு, 2021 ஜனவரியில் பெண்கள் சிறைகளில் 500 புதிய இடங்கள் கட்டப்போவதாக அறிவித்தது. அந்தச் செல்களும் மனக்காயத்தைப் புரிந்துகொண்ட செல்களாக இருக்குமாம். 1968-ல் ஹாலோவேக்கு வரைபடம் போட்டவர்களும் இதைத்தான் நினைத்திருப்பார்கள்.

இன்னொரு கணக்கு. சிறைத் தண்டனை பெறும் பெண்களில் பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்கும் குறைவான தண்டனைதான். திருட்டு மாதிரி விஷயங்கள். இவ்வளவு பேசின மூத்த உளவியலாளரை அவர்களில் பலர் பார்க்கவே மாட்டார்கள், ஆபத்துக் கணக்கில் அவர்கள் கீழே இருப்பதால். வீடு போகும், பிள்ளை போகும், சில வாரத்தில் வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். 'உன் பாதுகாப்புக்காகவே' என்று ஜாமீன் மறுத்துச் சிறைக்கு அனுப்ப 1976-ம் வருட ஜாமீன் சட்டத்தில் ஒரு வழியும் இருந்தது. வெளியே இடமில்லாததால் உள்ளே. இவர்களுக்கு உளவியலாளரின் கை எதுவும் செய்யாது. இவர்களுக்குத் தேவை, 2007-ல் கார்ஸ்டன் கேட்ட, கிடைக்காமல் போன அந்த முதுகெலும்பு.

அறிக்கையை மறுபடி படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'வல்னரபிள்' என்று வரும் இடத்திலெல்லாம் ஒரு நொடி நின்று, யாரால் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே போங்கள். நான் அப்படித்தான் பென்சிலோடு இரண்டாம் தடவை படித்தேன். கணவன், அப்பா, தெரு, வறுமை என்று எழுதிக்கொண்டே போனேன். பாதியைத் தாண்டிய பிறகு பல இடங்களில் ஒரே சொல்லைத்தான் எழுத வேண்டியிருந்தது: சிறை.